உறைக்குள் ஒன்றுமில்லை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு தாராளம் உண்டு. இரண்டு பாடம் பாக்கி இருந்தாலும், கோடையில் முடிப்பதாக விண்ணப்பம் கொடுத்துவிட்டு மே மாதப் பட்டமளிப்பு விழாவில் மேடையேறிவிடலாம். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, பெரியவர் ஒருவரின் கைகுலுக்கல், ஒன்றும் குறையாது. கையில் தரும் உறை மட்டும் காலி. இதில் மோசடி இல்லை; ஒழுங்காகப் படித்து முடித்தவனுக்கும் அன்றைக்குப் பெரும்பாலும் காலி உறைதான். மதிப்பெண்ணெல்லாம் சரிபார்த்த பிறகே அசல் பட்டம் தபாலில் வரும். விழா மலரில் எங்காவது பொடி எழுத்தில் ஒரு வரியும் கிடக்கும்: இதில் பெயர் இருப்பதாலேயே பட்டம் பெற்றதாகிவிடாது. அதை எழுதிய வக்கீலைத்தான் முதலில் மேடைக்கு அழைத்திருக்க வேண்டும்.

நம்மூர்ப் பெற்றோர் அந்த வரியையா படிக்கப் போகிறார்கள்? விசாவுக்கு வரிசையில் நின்று, பட்டுப்புடவைக்கு நடுவே ஆவக்காய் பாட்டிலைச் சுற்றி வைத்து, சென்னையிலிருந்து வந்திறங்கியவர்களிடம் “தீசிஸ் இன்னும் முடியலைம்மா” என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? விழா முடிவதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா மாப்பிள்ளை ஜாதகம் கேட்டுவிட்டார்.

அப்பா மட்டும் உறையைத் திறந்து பார்த்தார்.

“என்னடா, ஒண்ணையும் காணோம்?”

“தபால்ல வரும்ப்பா.”

“சரி, நீள அகலம் சொல்லு. ஊருக்குப் போனதும் ஃப்ரேமுக்குச் சொல்லி வச்சிடறேன்.”