மீதி 113 எங்கே?

கேள்வி (பந்தல்குடி வாசகர்): பொங்கலுக்கு வெள்ளையடிக்க, சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கிறதே, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

பதில்: காளவாசலிலிருந்து. உங்கள் ஊரில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல் 100 கிராம், அதாவது ஒரு மோல், சுட்ட சுண்ணாம்பாக மாற 178 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே வாங்குகிறது. தண்ணீர் பட்டதும் அதில் 65-ஐத் திருப்பித் தருகிறது. சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ என்றால் ஏறத்தாழ 1,160 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் நான்கு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.

கேள்வி (பாளையம்பட்டி வாசகர்): 178 வாங்கி 65 கொடுத்தால், மீதி 113 எங்கே?

பதில்: உங்கள் வீட்டுச் சுவரில். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகும்போது அந்த 113 வெளியேறுகிறது. மெதுவாக நடப்பதால் கை வைத்தாலும் தெரியாது. கூட்டிப் பாருங்கள்: 178 − 65 − 113 = 0. கல்லில் தொடங்கிக் கல்லில் முடிந்தால் கணக்கு நேராகிவிடும். எந்த வழியாகப் போனாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றுதான் என்று 1840-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியலாளர் ஹெஸ் சொன்னார். ஆற்றல் அழியாது என்ற விதி நிலைபெறும் முன்பே சொன்னார் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

கேள்வி (அருப்புக்கோட்டை பிளஸ் ஒன் மாணவி): என்தால்பி கணக்கில் எனக்குக் குறி மாறிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: விளைபொருளிலிருந்து வினைபடுபொருளைக் கழிம்மா, எப்போதும். நீற்றிய சுண்ணாம்பின் உருவாதல் என்தால்பி −986. சுட்ட சுண்ணாம்பு −635, தண்ணீர் −286, இரண்டும் சேர்ந்து −921. ஆக, −986 − (−921) = −65. கழித்தல் குறி வந்தால் வெப்பம் வெளியே போகிறது என்று பொருள். அடைப்புக்குறியை விடாதே. தண்ணீரா நீராவியா என்றும் பார்த்துக்கொள், நீராவிக்கு −242.

கேள்வி (திருச்சுழி வாசகர்): சீமைக்கருவேலங் கரிக்கும் ஹெஸ் சொன்ன விதிக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நெருங்கிய சம்பந்தம். கரி அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அந்த வினையின் வெப்பத்தை நேராக அளப்பது கடினம், கூடவே டை ஆக்சைடும் வந்துவிடும். ஹெஸ் வழியில் போனால் எளிது. ஒரு மோல் கரி முழுதாக எரிந்தால் 393.5 கிலோஜூல், மோனாக்சைடு எரிந்தால் 283. கழித்தால் 110.5. காற்று போதாமல் எரிகிற கரி, தர வேண்டிய சூட்டில் நூற்றுக்கு 72 பங்கைத் தராமலே நச்சுக்காற்றாகப் போகிறது. அடுப்பின் காற்றுவழியை அடைக்காதீர்கள். மூடிய அறைக்குள் கரி மூட்டவே வேண்டாம்.