ரெஃப்ரெஷ் இயல்

கணினிமுன் அமர்வோர் இருவகைப்படுவர்: மவுஸைப் பிடிப்போர், கட்டளை தட்டுவோர். முன்னவர் திரையில் ஐகான்கள் நிறைந்திருக்கும். பின்னவர் திரை கருப்பு. இருவருள் உயர்ந்தவர் யார் என்னும் வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்ல இங்கு நோக்கமில்லை. இரு சாராரும் எந்தப் பயனுமின்றி நாள்தோறும் செய்யும் செயல் எது என்பதே ஆய்வுப் பொருள்.

முதற்கண் மவுஸ்காரர். இவரைக் கூர்ந்து நோக்க ஜெராக்ஸ் கடையே தக்க களம். விண்டோஸ் வந்ததும் வெற்றிடத்தில் ரைட் கிளிக், அடுத்து 'ரெஃப்ரெஷ்'. ஐகான்கள் ஒருமுறை இமைக்கும். மறுபடியும் ரெஃப்ரெஷ். மூன்றாம் முறை இமைத்த பின்பே, "எத்தனை காப்பிண்ணே?" என்று கேட்பார். இதனால் மெமரி காலியாகும், வேகம் கூடும் என்பது செவிவழி மரபு. உண்மையில் டெஸ்க்டாப்பின் ஐகான்கள் புதிதாக வரையப்படுகின்றன, அவ்வளவே. 'அற்றேல், அதை ஏன் அங்கே வைத்தனர்?' எனின், புதிதாகச் சேர்ந்த கோப்பு சிலபோது திரையில் தோன்றாது. அதைத் தோற்றுவிக்கவே என்க. இச்சடங்கின் வலிமைக்கு ஒரு சான்று: 2021 ஜூனில் வெளிவந்த விண்டோஸ் 11 முன்னோட்டப் பதிப்பில் ரெஃப்ரெஷை உள்மெனுவுக்குள் தள்ளிவிட்டனர். ஜூலையிலேயே அது பழைய இடத்துக்குத் திரும்பியது.

(இவர் கை மவுஸுக்குப் பழகியது சாலிடேரால் என்பர். 1990இல் விண்டோஸ் 3.0 அதைச் சேர்த்தே தந்தது. சில அலுவலகங்களில் அப்பயிற்சி இன்னும் நிறைவுறவில்லை.)

இனிக் கட்டளைக்காரர். முன்னவரைக் கண்டு நகைப்பவர் இவர். இவர் தட்டுவன பெரும்பாலும் ஈரெழுத்து: எல்.எஸ்., சி.பி., எம்.வி. இக்கட்டளைகளின் தாயகமான யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோது எதிரில் இருந்தது திரையன்று, டெலிடைப் என்னும் தட்டச்சு எந்திரம். அதன் மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்துதான் அச்சடிக்கும்; விசைகளோ விரலை ஒடிக்கும். சிக்கனம் அவ்வழி வந்தது. யூனிக்ஸின் மற்றொரு குணம் மௌனம். ஆயிரம் கோப்புகளைப் படியெடுத்தாலும் 'முடிந்தது' என்று ஒரு சொல் சொல்லாது. கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி, குறையிருந்தால்தான் வாய் திறக்கும்.

இந்த மௌனம் இவரைக் குலைத்துவிடுகிறது. ஒரு ஃபோல்டருக்குள் போனதும் எல்.எஸ். தட்டுவார். கோப்புகளின் பட்டியல் வரும், படிக்கமாட்டார். சற்று யோசித்து மறுபடி எல்.எஸ். அதே பட்டியல். போன் வந்தால் பேசிக்கொண்டே எல்.எஸ். திரை நிரம்பியதும் 'கிளியர்' தட்டித் துடைப்பார். துடைத்த திரை வெறிச்சென்றிருப்பது பொறாமல் உடனே எல்.எஸ். வெறும் என்டரையே தட்டிக்கொண்டிருப்போரும் உளர், அவர் தனிக்கிளை.

இரண்டையும் ஒப்பிட்டால் ரெஃப்ரெஷ்காரர் ஒரு படி மேல் என்பது என் துணிபு. கணினிக்கு ஏதோ நன்மை செய்கிறோம் என்றாவது அவர் நம்புகிறார். எல்.எஸ்.காரருக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது.

2016இல் விண்டோஸுக்குள்ளேயே, யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட மைக்ரோசாஃப்ட் வழிசெய்தபின் கலப்பினம் ஒன்று தோன்றியுள்ளது. இவர் முதலில் மும்முறை ரெஃப்ரெஷ் செய்வார். பிறகு கருப்புத் திரையைத் திறந்து எல்.எஸ். தட்டுவார். வேலையை எப்போது தொடங்குவார் என்பதற்குச் சான்று இதுவரை கிட்டவில்லை.