இடையில் ஒரு புறம்போக்கு

எங்கோ இருக்கும் சர்வரை வீட்டிலிருந்தே மேய்ப்பவர்கள் தினம் போய்த் தட்டுவது 22-ஆம் நம்பர் போர்ட் என்ற வாசல். அதை எந்தக் கமிட்டியும் கூடி, பிஸ்கட் தின்று, தீர்மானம் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பின்லாந்துக்காரர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். யாரிடம் கேட்டார் என்பதில்தான் கூத்து.

1995. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து நெட்வொர்க்கில் எவனோ ஒரு புண்ணியவான் ஒட்டுக்கேட்கும் புரோகிராமைப் போட்டு, பாஸ்வேர்டுகளை ஆயிரக்கணக்கில் அள்ளிவிட்டான். பெரிய சாமர்த்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை. தூரத்துக் கணினிக்குள் நுழைய அன்றைக்கு எல்லோரும் நம்பியிருந்த டெல்நெட்டின் குணம் அப்படி. நீங்கள் பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு எழுத்தைக்கூடக் காட்டாது. கம்பியில் மட்டும் அட்சரம் பிசகாமல் அப்படியே அனுப்பி வைக்கும். சொந்தக்காரனிடம் மட்டும் ரகசியம் காத்த உத்தமன்!

அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யுலோனெனுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டி அனுப்புகிற எஸ்எஸ்எச் என்ற புரோகிராமை எழுதினார். எழுதியாயிற்று, குடிவைக்க ஒரு போர்ட் வேண்டுமே? பட்டியலைப் பார்த்தார். 21-இல் கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி, 23-இல் டெல்நெட். நடுவில் 22 சும்மா கிடந்தது. பெரிய மனிதர்களுக்கு நடுவே இடம் கிடைத்தால் தனக்கும் கொஞ்சம் மரியாதை வரும் என்று கணக்குப் போட்டார். நம்மூர்க் கணக்குதான்.

22 ஏன் காலியாக இருந்தது? இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்து என்சிபி நெறிமுறையில் ஒரு இணைப்பில் ஒரு திசையில்தான் தகவல் போகும். போக ஒன்று, வர ஒன்று என்று எண்களை ஜோடி ஜோடியாக ஒதுக்க வேண்டியிருந்தது. சேவைகளுக்கெல்லாம் ஒற்றைப்படை எண்ணைக் கொடுத்தார்கள். 1983 ஜனவரி 1 அன்று டிசிபி வந்து ஒரே இணைப்பில் இரண்டு திசையும் ஓடத் தொடங்க, இரட்டைப்படை எண்களுக்கு வேலை போயிற்று. 21, 23, 25 என்று தாண்டித் தாண்டி ஆள் குடியிருந்த தெருவில் 22 புறம்போக்காகவே கிடந்தது.

பட்டா வழங்கும் அதிகாரம் கலிபோர்னியாவில் ஐயானாவிடம் இருந்தது. ஐயானா என்றால் மாடிமாடியாகக் கட்டடம் என்று நினைக்க வேண்டாம். நடைமுறையில் ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்று இரண்டு பேர். 1983-இல் டெல்நெட்டுக்கும் 1985-இல் எஃப்டிபிக்கும் இலக்கணம் எழுதிய ஆர்எஃப்சி ஆவணங்களில் இருக்கும் பெயர்களும் இதே இரண்டுதான். இரண்டு பக்கத்து வீட்டையும் கட்டிய மேஸ்திரிகளிடமே, இரண்டையும் காலி பண்ணப்போகிற ஆள், நடுவில் உள்ள இடத்துக்கு மனுப் போடுகிறார்! அதுவும் ஜூலை 10-ஆம் தேதி அனுப்பிய அந்த மனுவிலேயே, தன் புரோகிராம் டெல்நெட்டைவிடப் பாதுகாப்பில் எவ்வளவோ மேல் என்று கூசாமல் எழுதியிருந்தார்.

நியாயமாகப் பார்த்தால் கோப்பு காணாமல் போயிருக்க வேண்டும். மறுநாளே ஜாய்ஸிடமிருந்து பதில் வந்தது: 22 உங்களுக்கு. ஆட்சேபணை இல்லை, விசாரணை இல்லை, "அடுத்த வாரம் வாங்க" இல்லை. ஜூலை 12-ஆம் தேதி எஸ்எஸ்எச் 1.0 வெளியாகிவிட்டது. அந்த வருடக் கடைசிக்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் பயன்படுத்தினார்கள்.

இன்று புதிதாக ஒரு சர்வரை இணையத்தில் வைத்தால் போதும், முகம் தெரியாத தானியங்கி நிரல்கள் 22-இல் வந்து ரூட், அட்மின் என்று வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிக் கதவை இடிக்கும். இதற்குப் பயந்து பலர் போர்ட்டை 2222-க்கு மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பதிவேட்டில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். அந்த நிரல்களுக்கு 2222-உம் மனப்பாடம்.

டெல்நெட்டாவது ஒழிந்ததா? அதுவும் இல்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகமெங்கும் கண்காணிப்புக் கேமராக்களையும் ரூட்டர்களையும் வளைத்துப் பிடித்தபோது நுழைந்த வாசல் 23. அது மட்டுமா, முன்ஜாக்கிரதைக்காரர்கள் மாற்றி வைத்திருந்த 2323-ஐயும் அது தட்டிப் பார்த்தது.