கோலா தெர்லா ஹெட்போன் ரசனை: ஒரு முன்னாய்வு

நிலத்துக்கு நிலம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று கருப்பொருளை வகுத்த தொல்காப்பியர் பறையையும் யாழையும் மறக்கவில்லை. ஹெட்போனைத்தான் விட்டுவிட்டார். உரையாசிரியர் எவரும் இதுவரை கண்டுகொள்ளாத அக்குறையை நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கம்.

குறிஞ்சிக்குரிய பறை தொண்டகம் என்பது அறிஞர் முடிபு. பகாங் மாநிலத்துக் கேமரன் மலை கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் நிற்பதால் அது குறிஞ்சியே. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு குறைந்து தேயிலை வந்தது, பின்னால் முட்டைக்கோசும் தக்காளியும் வந்தன. ஆகவே இது மருதம் என்பாரும் உளர். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். எந்த ஹெட்போன் நல்ல ஹெட்போன் என்று இங்கே நடக்கும் ஊடலைக் கேட்டால் அவர்கள் கட்சியையும் தள்ளிவிட முடியவில்லை. திணைமயக்கம் எனக் கொண்டு மேலே செல்க.

களம் கோலா தெர்லா. திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் உள்ளது. ஸ்ட்ராபெரி பறிக்க வருகிற கூட்டம் பெரும்பாலும் அதற்கு முன்பே வண்டியைத் திருப்பிவிடுவதால் ஆய்வுக்கு வேண்டிய அமைதி கிடைக்கிறது, லேன்ரோவர் கடந்து போகும் நேரம் நீங்கலாக. ஆய்வுக்கூடம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மேசை. ஆய்வுப்பொருள் இரண்டு ஹெட்போன்கள். காதை முழுக்க அடைத்துக்கொள்ளும் கறுப்பு ஒன்று. இனி இது 'மூடி' எனப்படும். முதுகுப்பக்கம் வலையடித்துத் திறந்திருக்கும் சாம்பல் நிறம் மற்றொன்று, இது 'வலை'. பங்கேற்றோர் எண்ணிக்கை தரப்படவில்லை. தேத்தண்ணி இலவசம் என்ற செய்தி பரவிய பிறகு அது ஒரு நிலையில் நிற்கவில்லை.

முதலில் மூடியை மாட்டியவர் ஒரு தம்பி. தலையை இரண்டு முறை ஆட்டிவிட்டு, "செம சவுண்டு லா அண்ணே! நெஞ்சுல வந்து அடிக்குது" என்றார். அடுத்து அதே மூடி, அதே பாட்டு, ஒரு பெரியம்மா. கொழுந்து கிள்ளி ஓய்ந்தவர். சற்று நேரம் கேட்டுவிட்டுக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இது என்னாய்யா, அடுத்த லயத்துல ரேடியோ பாடுற மாதிரி இருக்கு?"

இங்கே அவசரப்பட்டு 'ரசனை பேதம்' என்று எழுதிவிடுவோர் உண்டு. இவ்வாய்வாளர் பெரியம்மாவின் தலையைப் பார்த்தார். குளிருக்கு இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா. அதன் அடியில் தோடு. பின்னால் கொண்டை, ஹெட்போனின் வளைவு உட்கார மறுக்கும் உயரத்தில். மூடிவகை ஹெட்போனின் பேஸ் முழுவதும் அதன் மெத்தை காதைச் சுற்றிக் காற்றுப்புகாமல் பொருந்துவதில் இருக்கிறது. தோட்டின் திருகாணி அளவுக்கு இடைவெளி விட்டாலும் கீழ்ச்சத்தம் அதன் வழியே கசிந்துவிடும். மேல்சத்தத்தையோ கம்பளி குடித்துவிடும். மிஞ்சியது அடுத்த லயத்து ரேடியோதான். பெரியம்மா சொன்னது அளவுக்கருவியின் துல்லியம். மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் குல்லா ஒரு மாறியாகக் கருதப்படுவதாகத் தெரியவில்லை. கழற்றிவிட்டுக் கேட்கும்படி பணிவுடன் வேண்டியபோது, "காய்ச்ச வந்தா நீயா வந்து கஞ்சி வைப்பே?" என்று கேட்டார். ஆய்வு அறம் கருதி அத்துடன் விடப்பட்டது.

அடுத்த சிக்கல் சத்தம். ஒரே கைப்பேசியில், ஒரே அளவில் வைத்தால் மூடி உரக்கப் பாடும். வலை மெல்லப் பாடும். கருவிக்குக் கருவி மின்சாரத்தை ஒலியாக்கும் திறன் மாறும் என்பதே காரணம். கேட்கிறவர் அதைச் சத்தம் கூடுதல் என்று உணர்வதில்லை. ஒரு டெசிபெல் அளவுக்கு ஏறினாலே "தெளிவா இருக்கு", "உயிர் இருக்கு" என்று பாராட்டுத்தான் வாயில் வரும். போதாக்குறைக்கு, சத்தம் குறையக் குறைய நம் காது பேஸைத்தான் முதலில் கைவிடும் என்று 1933இலேயே பிளெட்சரும் மன்சனும் அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆகவே மெல்லப் பாடும் ஹெட்போனுக்குத் தோல்வி இரட்டிப்பு. ஹெட்போன் கடைகளில் நடக்கும் ஒப்பீடுகளில் பெரும்பகுதி 'எது உரக்கக் கத்துகிறது' என்ற போட்டிதான் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

தேயிலை நிலத்தில் இந்தத் தவறு நடப்பதுதான் விந்தை. தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்க 1980இல் வெளியான ஐஎஸ்ஓ 3103 என்றொரு உலகத் தரநிலை இருக்கிறது. நூறு மில்லிலிட்டர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிடம் ஊறல், வெள்ளைப் பீங்கான். இதனோடு ஒட்டிய பிரித்தானியத் தரநிலைக்கு 1999இல் இக் நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். கொடுத்தது இலக்கியத்துக்கான பரிசு. சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு கிண்ணத்தில் இரண்டு கிராமும் அடுத்ததில் மூன்று கிராமும் போட்டுவிட்டு இரண்டாவது தூள்தான் உசத்தி என்று எந்த டீ டேஸ்டரும் சொல்லமாட்டார். கரண்டியில் எடுத்து 'சுர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவார். ஹெட்போன் உலகத்தில் கிராம் கணக்கும் கிடையாது. துப்புகிற வழக்கமும் கிடையாது. முதலில் கேட்டதைக் காதிலேயே வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்கிறோம்.

எனவே வலைக்குச் சத்தத்தைக் கூட்டி இரண்டையும் ஒருவாறு சமன் செய்தோம். குல்லா இல்லாதவர்களை மட்டும் அமர்த்தினோம். இனி ஊடல் தீரும் என்ற நம்பிக்கை, எந்தப் பாட்டைப் போடுவது என்ற கேள்வி எழும்வரை நீடித்தது.

பேச்சுவார்த்தைக்குப் பின் 'மடை திறந்து' என்று முடிவாயிற்று. அப்பாவும் மகனும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள். அப்பா நினைத்தது 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. மகன் நினைத்தது 2006இல் நம் நாட்டு யோகி பி, நட்சத்ரா குழுவினர் 'வல்லவன்' தொகுப்பில் ராப் கலந்து செய்தது. இரண்டையும் இரண்டு ஹெட்போனிலும் போட்டோம். அப்பாவுக்கு வலை பிடித்தது. "பேஸ் தனித்தனியா கேக்குது" என்றார். மகனுக்கு மூடி பிடித்தது. "பேஸ் இருக்குப்பா இதுல" என்றார். பேஸை விரும்புகிறவர்கள் ஒரு கட்சி, வெறுக்கிறவர்கள் மறு கட்சி என்று இதுவரை எழுதிவந்த அனைவரும் இவ்விடத்தில் திகைக்கவேண்டும். இருவரும் பேஸ் கட்சிதான். இளையராஜாவின் பேஸ் கிட்டார் பாட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டை வாசித்துக்கொண்டே போகும்; அதன் ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்கவேண்டும் அப்பாவுக்கு. ராப்பின் பேஸ் ஓர் இடி. அது உடம்பில் இறங்கவேண்டும் மகனுக்கு. ஸ்வரம் கேட்கிறவருக்கு இடி சேறாகத் தெரிகிறது, இடி கேட்கிறவருக்கு ஸ்வரம் கொசுவாகத் தெரிகிறது. இருவரும் மாறி மாறி "உனக்குக் காது சரியில்ல" என்று சொல்லிக்கொண்ட சொற்கள் பதிவு செய்யப்படவில்லை.

மகன் கோயில் திருவிழாவில் உறுமி அடிப்பவர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். வளைந்த குச்சியால் உறுமியின் ஒரு முகத்தைத் தேய்க்கும்போது எழும் முனகல் காதுக்கு முன்னால் வயிற்றுக்குப் போய்ச் சேரும். வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நின்று அதைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்குத் தட்டையான, நேர்மையான ஹெட்போன் என்பது திருவிழா முடிந்து பந்தல் பிரித்த மைதானம். அவரைக் குறை சொல்ல இயலாது. அவர் தனியாகவும் இல்லை. பேஸுக்குப் பேர்போன பீட்ஸ் நிறுவனத்தை 2014இல் ஆப்பிள் வாங்கியபோது கொடுத்த விலை மூன்று பில்லியன் டாலர்.

மறுபக்கம் லேன்ரோவர் மாமா. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களையும் ரோட்டையும் இணைப்பவை பழைய லேன்ரோவர்கள். அவற்றில் ஒன்றை வெகுகாலம் ஓட்டியவர். இரைச்சலில் கிடந்த காது முதலில் தேய்வது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் என்பது மருத்துவர் அறிந்தது. மெய்யெழுத்துகளின் கூர்மையில் பெரும்பகுதி குடியிருப்பது அந்த வட்டாரத்தில். ஆகவே மாமாவுக்கு வேண்டியது ட்ரெபிள். வலையின் மேல்சத்தத்தை இன்னும் தூக்கி வைக்கச் சொன்னார், மற்றவர்கள் பல்லைக் கடிக்கும் அளவுக்குத் தூக்கிய பிறகு, "இப்பதான் டி.எம்.எஸ். தமிழு தமிழா கேக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குக் கேட்டதும் மற்றவர்களுக்குக் கேட்டதும் ஒன்றல்ல. டி.எம்.எஸ்.ஸுக்கு மட்டும் நியாயம் கிடைத்தது.

அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் இதே வேலையை 130 பேரையும் 31 ஹெட்போன்களையும் வைத்துச் செய்து 2019இல் முடிவு சொன்னார்கள். அவர்களே வகுத்த ஒலி அளவைக்குப் பக்கத்தில் இருப்பதை விரும்பியோர் 64 விழுக்காடு. பேஸ் கூடுதலாக வேண்டும் என்றோர் 15. குறைத்துக் கொடு என்றோர் 21. கூட்டச் சொன்னவர்களில் இளைய ஆண்கள் மிகுதி, குறைக்கச் சொன்னவர்களில் பெண்களும் வயதானவர்களும் மிகுதி. கோலா தெர்லா பின்மேசையும் ஏறத்தாழ இதையேதான் கண்டது. ஆனால் அந்த 64 விழுக்காட்டினர், அதாவது "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள், இங்கே யார் கண்ணிலும் படவில்லை. அவர்கள் தேத்தண்ணியை முடித்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்க வேண்டும்.

கண்ணால் கேட்போர் என்றொரு வகையும் உண்டு. ஒலிப்பெட்டிகளை மறைத்துவைத்தும் காட்டியும் ஒரே ஆட்களிடம் மதிப்பெண் கேட்டபோது மதிப்பெண் மாறியதை டூலும் ஆலிவும் 1994இலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கே திரைகட்டி மறைக்க வசதியில்லாததால் மூடியின் விலை எண்பது வெள்ளி என்று ஒருவரிடமும் எண்ணூறு வெள்ளி என்று மற்றவரிடமும் சொல்லிப் பார்த்தோம். எண்பதைக் கேட்டவர் "பரவால்ல" என்றார். எண்ணூறைக் கேட்டவர் பேசாமல் இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றி, மெதுவாகக் கீழே வைத்தார். அவருடைய கருத்தை அந்தக் கைகளிலிருந்து எழுதிக்கொண்டோம்.

இந்த வழக்கு புதியதன்று. முழவுகளை உத்தமம், மத்திமம், அதமம் என்று வரிசைப்படுத்திய அடியார்க்குநல்லார் காலத்திலும் அதமப் பட்டியலில் விழுந்த வாத்தியக்காரர் சும்மா இருந்திருக்கமாட்டார். குட்டையான, கூர்ங்குரல் திமிரி நாயனத்துக்கு எதிரில் நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாயனத்தைக் கொண்டுவந்து நிறுத்தியவர் என்று திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையை இசையுலகம் போற்றுகிறது. அதாவது பேஸ் கட்சிக்கு அன்றைய தஞ்சை மாவட்டத்தில் பழைய கிளை உண்டு. ஹெட்போனின் பிறப்பையும் பார்க்கவேண்டும்: 1910இல் அமெரிக்காவின் யூட்டாவில் நதானியேல் பால்ட்வின் அதைச் செய்து கடற்படைக்கு அனுப்பியது தம் வீட்டு அடுக்களையிலிருந்து. அடுக்களையில் பிறந்த பொருளில் ருசிபேதம் இருப்பது பிறவிக்குணம்.

புறனடை: மேற்கூறிய எவ்வகையிலும் அடங்காதார் இருவர் உளர். பேருந்துக்குக் காத்திருந்த ஓர் இளைஞனும் அவன் மாமன் மகளும். ஒரே இயர்போனின் இடது முனை அவன் காதில், வலது முனை அவள் காதில். ஒரே கருவி, ஒரே பாட்டு, ஒரே சத்தம், ஒரே நொடி. இவ்வாய்வாளர் பாடுபட்டும் எட்டமுடியாத நிபந்தனைகள் எல்லாம் அங்கே தாமாக நிறைவேறியிருந்தன. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "கிட்டாரு சூப்பர்ண்ணே" என்றான் அவன். "கிட்டாரா? வயலின்தானே ஓடுது" என்றாள் அவள். பழைய ஸ்டீரியோப் பதிவுகளில் இது நடக்கும். முனைகளை மாற்றிப் போட்டுக் கேட்டுப் பார்க்கும்படி சொல்வதற்குள் பேருந்து வந்துவிட்டது.