ஸ்கேன் ஆயிற்று, கோப்பு எங்கே?

வீட்டு பிரின்டரில் ஸ்கேன் செய்த பத்திரங்கள், சான்றிதழ்கள் பற்றி மேடவாக்கம் சுற்றுவட்டார வாசகர்கள் கேட்டவை இந்த வாரம்.

மேடவாக்கம் வாசகி

*பட்டனை அழுத்தினேன். பிரின்டர் 'முடிந்தது' என்கிறது. கணினியில் கோப்பைக் காணோமே?*

பெரும்பாலும் கணினிக்குள்தான் இருக்கும். விண்டோஸ் என்றால் முதலில் 'பிக்சர்ஸ்' உள்ளே 'ஸ்கேன்ஸ்', அடுத்து 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே 'ஸ்கேன்டு டாக்குமென்ட்ஸ்' பாருங்கள். பிரின்டருடன் வந்த செயலி சில சமயம் தனக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். அதிலும் இல்லையென்றால் 'திஸ் பிசி'யைத் திறந்து, தேடும் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, பிடிஎஃப் என்று தட்டி, வருவதைத் தேதிவாரியாக அடுக்குங்கள். இப்போது ஸ்கேன் செய்தது பிடிஎஃப் என்றால் தலைமாட்டில் நிற்கும். கிடைத்த கையோடு செயலியின் செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தை நீங்களே ஒரு ஃபோல்டராகக் குறித்துவிடுங்கள். இந்தத் தேடல் இத்தோடு தீர்ந்தது.

சித்தாலப்பாக்கம் வாசகர்

*எல்லாமே 'ஐஎம்ஜி 001', 'ஐஎம்ஜி 002' என்றே இருக்கின்றன. என்ன பெயர் வைக்கலாம்?*

தேதி, யாருடையது, என்ன காகிதம். இந்த மூன்றும் போதும்: '2019-06-14 அப்பா ஓய்வூதிய ஆணை'. ஆண்டை முன்னால் எழுதினால் கணினியே காலவரிசையில் அடுக்கிவிடும். 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரமும் இதே வரிசைதான். ஜூனை '6' என்று எழுதாமல் '06' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சில செயலிகளில் அக்டோபர் முந்திக்கொள்ளும். தேதி என்பது காகிதத்தில் இருக்கும் தேதி, நீங்கள் ஸ்கேன் செய்த நாள் அல்ல.

வேங்கைவாசல் வாசகர்

*மனைப் பத்திரத்துக்கு சர்வே எண்ணைப் பெயராக வைத்தால் கணினி ஏற்க மறுக்கிறதே?*

'123/4' என்று சாய்கோடு போட்டிருப்பீர்கள். ஃபோல்டரைப் பிரித்துக் காட்டும் குறி அது; அதனால் பெயருக்குள் வரவிடாது. '123-4' என்று எழுதுங்கள், வாங்கிக்கொள்ளும்.

சர்வே எண்ணைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி. மாவட்டப் பெயரை வைத்து மட்டும் ஃபோல்டர் போடாதீர்கள். நம் பகுதி மனை ஒன்றின் பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருக்கும். 1997-இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு காஞ்சிபுரம். 2019 நவம்பருக்குப் பிறகு மறுபடியும் செங்கல்பட்டு. மனை இருந்த இடத்திலேயே இருக்க, காகிதங்கள் மட்டும் இரண்டு மாவட்டங்களுக்குச் சிதறிவிடும். உட்பிரிவு ஆகி எண் மாறியிருந்தால் பழையது, புதியது இரண்டையும் பெயரில் சேர்த்துவிடுங்கள்.

செம்பாக்கம் வாசகி

*வீட்டு வரி ரசீதில் முன்பு நகராட்சி, இப்போது தாம்பரம் மாநகராட்சி. இரண்டு ஃபோல்டரா?*

ஒன்றே போதும், 'வீட்டு வரி' என்று பெயர் வையுங்கள். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆயின. அலுவலகத்தின் பெயர்ப் பலகைதான் மாறியது, உங்கள் வீடு மாறவில்லை.

மாடம்பாக்கம் வாசகர்

*தாத்தா காலத்துக் கிரயப்பத்திரம் கண்ணாடிக்கு வெளியே நீள்கிறது. மடிக்கலாமா?*

மடிக்கவே கூடாது, பழைய முத்திரைத்தாள் மடிப்பில்தான் கிழியும். வீட்டு ஸ்கேனரின் கண்ணாடி ஏ4 அளவு, பத்திரத் தாள் அதைவிட நீளம். மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டு முறை எடுங்கள். நடுவில் நாலைந்து வரிகள் இரண்டிலும் வரட்டும். தாளை உள்ளிழுக்கும் ஃபீடரில் பழைய பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். 300 டிபிஐ போதும், 600 வைத்தால் புள்ளிகள் நான்கு மடங்காகிக் கோப்பு பெருக்கும். பின்பக்கத்து முத்திரைகளையும் கையெழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். எல்லாப் பக்கங்களும் ஒரே பிடிஎஃப் ஆக இருக்கட்டும்.

முடிச்சூர் வாசகர்

*2015 வெள்ளத்தில் பத்திரம் கூழாகிவிட்டது. இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டேன். இனி பயமில்லைதானே?*

பாதிப் பயம் போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எத்தனையோ குடும்பங்கள் பட்டா, பத்திரம், மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே இரவில் இழந்தன. நகல் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மறுபடியும் வீட்டுக்குள் தண்ணீர்.

நீங்கள் எடுத்த ஸ்கேன் மூலப்பத்திரம் ஆகாது. வங்கி அதை நம்பிக் கடன் தராது. ஆனால் மூலப்பத்திரம் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க அது வழிகாட்டும். ஆவண எண், பதிவு ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் நகலுக்கு உடனே மனுப் போடலாம். அந்த மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். ஸ்கேன் மங்கலாக இருந்தாலும் பெயர் காப்பாற்றும்.

மீதிப் பயத்துக்கும் மருந்து உண்டு. ஒரு பிரதி கணினியில், ஒன்று கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில், ஒன்று பென்டிரைவில். பென்டிரைவை அடுத்த தெருவில் கொடுத்துவைக்காதீர்கள், அங்கேயும் அதே தண்ணீர்தான் வரும். திருச்சியிலோ கோவையிலோ இருக்கும் உறவினரிடம் கொடுங்கள்.

கோவிலம்பாக்கம் வாசகி

*டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டால் மூலச் சான்றிதழுக்குச் சமமா?*

நீங்கள் ஏற்றியது சமமல்ல. துறை வழங்கியது சமம். 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் இரண்டு பகுதிகள் உண்டு. ஓட்டுநர் உரிமம் போல, வழங்கிய துறையிலிருந்தே நேராக வந்து சேர்வது ஒன்று. அதை மூல ஆவணத்துக்கு இணையாக ஏற்கச் சட்ட விதி இருக்கிறது. நீங்கள் ஸ்கேன் செய்து போடுவது இன்னொன்று. அது வெறும் நகல்.

நன்மங்கலம் வாசகர்

*பிரின்டர் பழுது. ஜெராக்ஸ் கடைக்கு ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?*

முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அது போதுமான இடங்களில் அதையே கொடுங்கள். அனுப்பியதை அச்சானதும் இரண்டு பக்கமும் அழித்துவிட்டு நகருங்கள். படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எழுத்து மங்காது.

பள்ளிக்கரணை வாசகர்

*ஒரே பத்திரம் வீட்டுக்கும் வேண்டும், கடனுக்கும் வேண்டும், வரிக்கும் வேண்டும். எந்த ஃபோல்டரில் வைப்பது?*

ஒரே இடத்தில் வையுங்கள்; மற்ற இடங்களில் அதற்கான ஷார்ட்கட் இருக்கட்டும். இதற்கு ஓர் உதாரணம்: ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் திரட்டும் நூலகம் திட்டத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் உண்டு. நூலாசிரியர் வழியாகப் போனாலும் ஆண்டு வழியாகப் போனாலும் அந்த ஒரே நூலுக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். பிரதிகள் பெருகினால் எது சரியானது என்ற சந்தேகமும் பெருகும்.

பெரும்பாக்கம் வாசகர்

*எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன். சரியாக அடுக்கியிருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?*

கணினியை மனைவியிடம் கொடுத்து, "மருத்துவக் காப்பீட்டுக் காகிதத்தை எடு" என்று சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டால் சரி. "எந்த ஃபோல்டருங்க?" என்று கேட்டால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் படுத்திருக்கும்போது தேடப்போவது அவர்தான். ஆகவே பெயர்களை அவருக்குப் புரியும் சொற்களில் வையுங்கள், பாஸ்வேர்டையும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.