மீட்சிக்குக் கரிமீன் விருந்து

கொச்சித் துறைமுகத்துக்கு ஆழம் வேண்டும் என்று காயலைத் தோண்டினார்கள். அள்ளிய மண்ணைக் கொட்டி பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ ஒரு தீவையே எழுப்பினார். அதற்கு வைஸ்ராய் வில்லிங்டனின் பெயரை வைத்தார்கள். மண் அள்ளியவர்களின் பெயர் ஒரு முட்டுச்சந்துக்குக்கூட இல்லை. மனச்சிதைவிலிருந்து மீள்வது பற்றிக் கருத்தரங்கு நடத்த இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஆகவே கற்பனையில் ஒன்றை இங்கே நடத்திப் பார்ப்போம்.

குளிரூட்டிய அரங்கம், கழுத்தில் அடையாள அட்டை, மதியம் கரிமீன் பொள்ளிச்சது. முதல் ஸ்லைடு: "மனச்சிதைவு வளர்ந்த நாடுகளைவிட இந்தியாவில் நன்றாகக் குணமாகிறது." கைதட்டல்.

இந்தக் கூற்றின் ஊற்று, 1960களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆய்வு. நம் பக்கம் ஆக்ரா. அங்கே நோயாளிகள் டென்மார்க்கின் ஆர்ஹூஸ்காரர்களைவிட நன்றாகத் தேறியதாகத் தெரிந்தது. உடனே காரணமும் பிறந்தது: நம் குடும்பப் பாசம். அதிகாரிகளின் காதில் இது தேனாகப் பாய்ந்தது. பாசம் இருக்கிற இடத்தில் பட்ஜெட் எதற்கு? 2008-இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், சென்னை ஸ்கார்ஃப் மனநல அமைப்பின் டாக்டர் ஆர். தாரா, நைஜீரியாவின் குரேஜே ஆகியோர் 11 நாடுகளின் 23 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, இந்த வேதவாக்கை அப்படியே நம்ப முடியாது என்று எழுதினார்கள். ஸ்லைடு மட்டும் மாறவில்லை.

பாசம் எப்படியிருக்கும் என்று 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநோயாளிகள் காப்பகத்தில் பார்த்தோம். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் வெந்தார்கள். சங்கிலியில் கிடப்பவரிடம் ஆறு மாதத்துக்கொரு முறை அளவுகோல் தாளை எடுத்துக்கொண்டு எந்த ஆய்வாளரும் போவதில்லை. "தொடர்பு விட்டுப்போனவர்கள்" என்று அடிக்குறிப்பில் ஒரு வரி போதும். கணக்கில் வராதவன் சராசரியைக் கெடுக்க மாட்டான்.

இப்படிப் பூசி மெழுகாதவர்களும் உண்டு. சென்னையில் 1981-82இல் புதிதாக நோய் கண்ட 90 பேரைத் தேர்ந்து, இறந்தவர்களையும் கைநழுவியவர்களையும் மறைக்காமல் 25 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். அந்தப் பொறுமைக்குக் கைதட்ட அரங்கில் ஆள் குறைவு.

இரண்டாவது ஸ்லைடு, மீட்சியின் இலக்கணம். 2005-இல் நான்சி ஆண்ட்ரியாசனும் சகாக்களும் ஒரு வரையறை தந்தார்கள்: எட்டு அறிகுறிகள் ஆறு மாதம் லேசான அளவைத் தாண்டாமல் இருந்தால் நோய் தணிந்திருக்கிறது. தணிவு வேறு, மீட்சி வேறு என்று அவர்களே பிரித்துச் சொன்னார்கள். ஸ்லைடுக்கு வரும் வழியில் அது உதிர்ந்துவிட்டது. அந்த எட்டில் வேலை கிடையாது, கூலி கிடையாது, வாடகைக்கு வீடு தருவார்களா என்பது கிடையாது. தங்கச்சி கல்யாணத்தன்று அவனை மாடியறையில் வைத்துப் பூட்டினார்களா என்பதும் கிடையாது.

நம் ஊர் ஓ.பி.யில் இந்த அளவுகோல் இன்னும் சுருங்கும்.

"ராத்திரி தூங்குறானாம்மா?"

"தூங்குறான் சார்."

"சத்தம் போடுறானா?"

"இல்ல சார். பகல்லயும் தூங்கிட்டேதான் இருக்கான். வாயில எச்சி வழியுது, கை நடுங்குது..."

"அப்ப நல்லாயிருக்கான். இதே மாத்திரையைக் கன்டினியூ பண்ணுங்க. அடுத்து!"

மாத்திரையில் இரண்டு கட்சி. நெதர்லாந்தில் வுண்டரிங்க் குழு, நோய் தணிந்தவர்களில் ஒரு பாதிக்கு மருந்தைக் குறைத்துப் பார்த்தது. இரண்டாண்டுக் கணக்கில் அவர்களுக்கு நோய் திரும்பியது இருமடங்கு. 2013-இல் வந்த ஏழாண்டுக் கணக்கில் மீண்டவர்கள் 40.4%; தொடர்ந்து மருந்து தரப்பட்ட குழுவில் 17.6%. மருந்துக் கட்சி இரண்டாம் ஆண்டோடு புத்தகத்தை மூடுகிறது. மருந்தெதிர்ப்புக் கட்சி ஏழாம் ஆண்டில்தான் திறக்கிறது. முதல் பதினெட்டு மாதத்துக்குப் பிறகு டாக்டரும் நோயாளியும் விருப்பம்போல் சிகிச்சையை மாற்றிக்கொண்டார்கள் என்பதை இரண்டு கட்சியும் வாசிப்பதில்லை. 2023-இல் இங்கிலாந்தின் ரேடார் ஆய்வில், குறைத்தவர்களில் 25% பேருக்கு நோய் கடுமையாகத் திரும்பியது, குறைக்காதவர்களில் 13%. அதற்கு எந்தக் கட்சி எப்போது புத்தகம் திறக்கும் என்று ஊகிக்க ஜோசியர் வேண்டாம். இந்தச் சண்டையில் ஜெயித்தவர் யாரானாலும், திடீரென்று மாத்திரையை நிறுத்திவிட்டு நடுராத்திரியில் ஓடுகிறவனின் பின்னால் ஓடுவது அந்த அம்மாதான்.

அவருக்கு உதவி செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். காஞ்சிபுரம், கோவா, சதாராவில் 282 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் லான்செட்டில் வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். பலன் பிரமாதமில்லை, மிதம்தான், ஆனால் நிஜம். காஞ்சிபுரத்தில் இன்னும் நன்றாகவே தெரிந்தது. இதில் ஒரே ஒரு குறை: வீடு தேடிப் போகிறவருக்குச் சம்பளம் தர வேண்டும். பாசத்துக்குத் தர வேண்டியதில்லை.

வீட்டார் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது, இடைநிலை இல்லங்களை அரசு அமைக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டும், சிமெண்ட் வேண்டும், டெண்டர் விட வேண்டும். மீட்சி விகிதத்தை எழுப்ப அதெல்லாம் தேவையில்லை. காணாமல் போனவர்களை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிட்டால் அது தானாகவே உயர்ந்துகொள்ளும்.