டிரசருக்குப் பதிவேடு, செயலிக்கு ஐந்து நட்சத்திரம்

மலேசியாவின் லிங்கி, லாபு, பகாவ் பக்கத் தோட்டங்களில் ஒரு காலத்தில் டிரசர் எனும் மருத்துவ உதவியாளர்தான் பாதி டாக்டர். எந்த வலிக்கும் ஒரே கலர் மிக்சர். அதை ஊற்றிய கையையும் சட்டம் சும்மா விடவில்லை. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது.

இன்று தாத்தா கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் கேட்கிறார்: "தம்பி, செம்பனை முள்ளு குத்தி விரல் வீங்கிப்போச்சு." அது பணிவாக விசாரிக்கிறது: "ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறீர்களா?"

இதற்கெல்லாம் சட்டம் உண்டா? எக்ஸ்ரே பார்த்து நோய் சொல்லும் மென்பொருள் மலேசியாவில் 2012 மருத்துவக் கருவிச் சட்டத்துக்குள் வரும். "இது பொதுத் தகவல் மட்டுமே, மருத்துவரை அணுகவும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளும் அரட்டைச் செயலியோ நைசாக நழுவப் பார்க்கிறது. 2024 செப்டம்பரில் வெளியான தேசிய செயற்கை நுண்ணறிவு வழிகாட்டி, விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்கிற ரகம்.

டிரசருக்குத் தணிக்கை அன்றாடம் நடந்தது. காய்ச்சல் இறங்காவிட்டால் லயமே திரண்டு அவர் வாசலில் நிற்கும். செயலிக்கு வாசலே கிடையாது. ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி அதுதான் நம் வாசலுக்கு வருகிறது.